செல்லாத காசும் செல்லும் சொல்லும்



நம் கடைகளில் தினமும் எடை போடுகிறோம், அளக்கிறோம், எண்ணுகிறோம். தராசு சரியாக இருக்கிறதா என்று முத்திரை பார்க்கிறோம். ஆனால் எடை போடாமலே, முத்திரை பார்க்காமலே நாளெல்லாம் கை மாறும் சரக்கு ஒன்று உண்டு. பணத்துக்கு நாம் வாயால் வழங்கும் சொற்கள்தான் அது. துட்டு, சல்லி, எட்டணா, கைமாத்து, இரண்டு வட்டி, சிப்பம் பன்னிரண்டு ஐம்பது, ஜிபே பண்ணிட்டேன் என்று எத்தனை சொற்கள்! இவை எங்கிருந்து வந்தன, எங்கே நமக்கு உதவுகின்றன, எங்கே நம் முதலைக் கடிக்கின்றன என்பதே இந்தப் பாடம். புதிதாகக் கடை வைத்திருக்கும் இளைஞர்கள் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

1. காசு போனது, பேர் நின்றது

இன்று பணம் என்றால் எல்லாச் செல்வத்துக்கும் பொதுப் பெயர். முன்னாளில் பணம் என்பது ஒரு தனி நாணயம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். 1818-ல் கம்பெனியார் சென்னை மாகாணத்துக்கு ரூபாயையே நிலையான நாணயமாக்கினார்கள். அப்போது ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று மதிப்புப் போட்டார்கள். வராகன் போயிற்று, பணம் என்ற நாணயமும் போயிற்று. பேர் மட்டும் நம் வாயில் நின்றுவிட்டது.

காசும் அப்படித்தான். இந்தச் சொல் கடல் கடந்தும் போயிருக்கிறது. தென்னிந்தியாவிலும் சீனத்திலும் வழங்கிய சிறு செப்பு நாணயங்களை ஆங்கிலேயர் 'கேஷ்' என்று எழுதினார்கள். அது நம் 'காசு' போர்த்துகீசியர் வாய் வழியாகப் போய்ச் சேர்ந்த சொல். 'கேஷ் பில்', 'கேஷ் பாக்ஸ்' என்கிறோமே, அந்தக் கேஷ் வேறு. அது பெட்டியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இதுவே முதல் உதாரணம்.

துட்டு என்பதைப் பட்டணத்துப் பேச்சு என்று சிலர் ஒதுக்குவார்கள். அதற்கும் ஊர் பேர் உண்டு. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் வணிகம் செய்த காலத்தில் அவர்களுடைய சிறு செப்புக் காசுக்கு 'டொய்ட்' என்று பெயர். அதுவே நம்மிடம் துட்டு ஆயிற்று. நாகப்பட்டினத்தை அவர்கள் 1781-ல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். இருநூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் துட்டு மட்டும் ஊர் திரும்பவில்லை!

சல்லி என்பது மிகச் சிறிய காசு. ஒன்றுக்கும் உதவாததைச் 'சல்லிக்காசு பெறாது' என்கிறோம். சிராவயல் மஞ்சுவிரட்டு பார்க்கும் நம் பக்கத்து மக்களுக்கு, மாட்டின் கொம்பில் சல்லிக் காசு முடிந்து கட்டியதால்தான் சல்லிக்கட்டு என்று பேர் வந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டது நினைவிருக்கும். இலங்கையில் சிங்களவர் பணத்தைப் பொதுவாகவே 'சல்லி' என்பார்கள். இங்கே ஒன்றுக்கும் உதவாத காசு, அங்கே முழுப் பணம்.

நம் ஊருக்கு மிக அருகில் இன்னொரு காசும் இருந்தது. புதுக்கோட்டை சமஸ்தானத்து அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவம், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்று இருக்கும். 20 அம்மன் காசு ஓர் அணா. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து இந்தக் காசையும் தானமாகக் கொடுப்பார்கள். 1948-ல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. இன்று காரைக்குடியில் பழம்பொருள் கடைகளில்தான் அதைப் பார்க்கலாம்; அன்று வாங்கியதைவிட இன்று விலை கூட.

2. அணா பிழைத்த கதை

ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 4 பைசா அல்லது 12 தம்பிடி என்பது பழைய கணக்கு. நூற்றுக்கு நூறு சரி என்பதைப் 'பதினாறணாவும் உண்மை' என்று சொல்வது அதனால்தான். யுத்த காலத்தில், 1943 முதல், நடுவில் துளை போட்ட காலணா வந்தது. மதிப்பில்லாதவனை 'ஓட்டைக் காலணா' என்று ஏசுவதும் வந்தது.

1957 ஏப்ரல் 1-ம் தேதி தசம நாணயம் வந்தது. ரூபாய்க்கு 100 நயா பைசா. 1964 ஜூன் 1 முதல் 'நயா' என்ற அடைமொழி நீங்கி வெறும் பைசா ஆயிற்று. இங்கே நம் வணிகர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. 16 அணா 100 பைசா என்றால் ஓர் அணா ஆறே கால் பைசா. கால் பைசாவுக்குக் காசு கிடையாது. ஆகவே அரசாங்கப் பட்டியலில் ஓர் அணாவுக்கு 6 பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று போட்டார்கள். ஓரணாச் சாமானை ஒரே ஆள் நாலு தடவை வாங்கினால் கடைக்காரருக்கு 24 பைசா. நாலணாவுக்கு ஒரே தடவை வாங்கினால் 25 பைசா. ஒரு பைசாதானே என்று அன்று எந்த மளிகைக்காரரும் விட்டிருக்க மாட்டார்!

இந்தக் கணக்கில் மீதமில்லாமல் ஒத்துப் போனவை நாலணா, எட்டணா, பன்னிரண்டணா ஆகிய மூன்றுதான்: 25, 50, 75. அணாக் காசு போன பிறகும் இந்தப் பெயர்கள் நிலைத்தன. ஓரணா, இரண்டணா என்ற பேச்சு மெல்ல மறைந்தது. கணக்கு சரியாக விழுந்த சொல் பிழைத்தது, விழாத சொல் மறைந்தது.

2011 ஜூன் 30-க்குப் பிறகு 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் செல்லாது என்று ஆயிற்று. 50 பைசா சட்டப்படி இன்றும் செல்லும்; நம் கடைகளில்தான் வாங்குவாரும் இல்லை, கொடுப்பாரும் இல்லை. ஆனாலும் 'நாலணாவுக்குப் பெறாதவன்' என்று பேசுகிறோம்.

கடல் கடந்த நம்மவர் பேச்சு வேறு. இலங்கையில் 1872 முதலே ரூபாய்க்கு 100 சதம் என்று தசமக் கணக்கு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழர்கள் அந்நாட்டு ரிங்கிட்டையும் டாலரையும் 'வெள்ளி' என்பார்கள். அங்கிருந்து வரும் உறவினர் 'ஐந்நூறு வெள்ளி' என்றால் நகைக்கடைப் பேச்சு என்று எண்ணிவிடக் கூடாது. நம் செட்டிநாட்டு வீடுகளுக்கு இது புதிதல்ல.

3. எதுகை போட்டுப் பேசும் பணம்

லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் தெரு வியாபாரிகளும் கூலிக்காரர்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து ஒரு விசித்திரப் பேச்சு வைத்திருக்கிறார்கள். ஒரு சொல்லைச் சொல்லாமல், அதற்கு எதுகையாக வரும் வேறு சொற்றொடரைச் சொல்வார்கள். பணம் அவர்கள் மொழியில் 'மணி'. அதற்கு எதுகை 'பிரெட் அண்ட் ஹனி', அதாவது ரொட்டியும் தேனும். பிறகு அதிலும் பின்பாதியை விட்டுவிட்டு வெறும் 'பிரெட்' என்று முடித்துக்கொள்வார்கள். ரொட்டி என்று காதில் விழுகிறது, பணம் என்று பொருள். 'டென்னர்' எனப்படும் பத்துப் பவுன் நோட்டுக்கு, கார்ப் பந்தய வீரர் 'அயர்டன் சென்னா' பெயரை எதுகையாக்கிக் கொண்டார்கள். எதுகை இல்லாத குறிச்சொற்களும் அவர்களிடம் உண்டு: 'போனி', அதாவது மட்டக் குதிரை, 25 பவுன், 'மங்கி', அதாவது குரங்கு, 500 பவுன். இந்தக் குரங்குக்கு நம் நாட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டில் குரங்குப் படம் இருந்ததே காரணம் என்று ஒரு கதை உலவுகிறது. அப்படி ஒரு நோட்டு இருந்ததற்குச் சான்று இல்லை. சொல்லுக்குப் பின்னால் சொல்லும் கதைகளையெல்லாம் அப்படியே வரவு வைக்கக் கூடாது.

நம்மிடம் அந்த மாதிரி மாற்றுப் பேச்சு இல்லை. நாம் எதுகையை மறைப்பதற்குப் பயன்படுத்தவில்லை, நினைவில் நிற்பதற்குப் பயன்படுத்தினோம். 'பணம் என்றால் பிணமும் வாயைத் திறக்கும்', 'பணம் பந்தியிலே, குணம் குப்பையிலே' என்ற பழமொழிகளைப் பாருங்கள். பணம், பிணம், குணம் என்று ஒரே ஓசையில் மூன்று சொல். படிக்காதவரும் மறக்க மாட்டார். 'காசு கீசு இருக்கா', 'பணம் கிணம் கேட்டானா' என்று இழுப்பதும் நம் வழக்கம். அந்தக் 'கீசு'க்கு அகராதியில் பொருள் இல்லை. ஆனால் கேட்பவர் தயங்கிக் கேட்கிறார் என்பது அதில் தெரிந்துவிடும். கடன் கேட்க வருபவர் 'கீசு' போட்டுத்தான் ஆரம்பிப்பார்!

4. மறைத்துப் பேசுவதற்கும் இலக்கணம் உண்டு

ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் விளங்கும்படி ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைத்துக்கொள்வதைக் குழூஉக்குறி என்று நன்னூல் வகுத்திருக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த உதாரணங்கள். அமங்கலமானதை மங்கலமாகச் சொல்வதும் அங்கே உண்டு. நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்று எண்ணுகிறோமே, அது இந்த வகை. 'லாபம், ரெண்டு, மூணு' என்று ஒலிக்காத களம் ஏது?

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கை விட்டு விரல் பிடித்து விலை பேசுவது எல்லோருக்கும் தெரியும். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை வெளியே தெரியாது. வாய் 'சரி, இல்லை' என்று மட்டும் சொல்லும். தரகர்கள் தங்களுக்குள் எண்களுக்குத் தனிப் பெயர் வைத்துக்கொள்வதும் உண்டு.

துணிக் கடைகளிலும் பாத்திரக் கடைகளிலும் அடக்க விலையைச் சரக்கின் மேல் எழுத்தால் குறிக்கும் வழக்கம் இருந்தது. பத்து வெவ்வேறு எழுத்துகள் உள்ள ஒரு சொற்றொடரை எடுத்துக்கொண்டு, 1 முதல் 9 வரையும் கடைசியில் சைபரும் வைத்துக்கொள்வார்கள். பழகிப் பார்க்க ஒன்று சொல்கிறோம்: 'முதல் வரவு குறையாது'. எழுத்தெழுத்தாகப் பிரித்தால் மு-1, த-2, ல்-3, வ-4, ர-5, வு-6, கு-7, றை-8, யா-9, து-0. ஆக 'தவது' என்று சீட்டில் இருந்தால் அடக்கம் 240 ரூபாய். 'முதர' என்றால் 125. விற்பனைக்கு நிற்கும் பையன் எவ்வளவு வரை இறங்கலாம் என்று சீட்டைப் பார்த்தே அறிவான். எதிரே நிற்கும் வாடிக்கையாளருக்கு விளங்காது. இன்றைக்கும் பேரம் உள்ள சரக்குகளுக்கு இது உதவும். உங்கள் கடைக்கு வேறு சொல் வைத்துக்கொள்ளுங்கள், இங்கே அச்சிட்டதை வைத்துக்கொள்ளாதீர்கள்!

இந்த மறைமொழிகள் எல்லாவற்றிலும் ஒரு பொது விதி இருப்பதைக் கவனியுங்கள். மறைவு மூன்றாம் மனிதருக்குத்தான். விலை பேசும் இருவருக்குள் எள்ளளவும் சந்தேகம் கிடையாது. துண்டுக்குள் பிடித்த விரல் எத்தனை என்பதில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் வேறுபாடு வந்ததே இல்லை. இன்று நம் கடைவீதிப் பேச்சில் நிலைமை தலைகீழாகியிருக்கிறது. எல்லோர் காதிலும் விழும்படி கைபேசியில் சத்தமாகத்தான் பேசுகிறோம். ஆனால் பேசும் இருவரும் ஒரே பொருளில் எடுத்துக்கொள்வதில்லை. இனி வரும் பகுதிகள் அதைப் பற்றியவை.

5. சிப்பம் பன்னிரண்டு ஐம்பது

மொத்த வியாபாரத்தில் நூறையும் ஆயிரத்தையும் விழுங்கிப் பேசுவது பழக்கம். 'பன்னிரண்டு ஐம்பது' என்றால் 1,250 ரூபாய். இதில் சிக்கல் இல்லை. 'சிப்பம்' என்ற சொல்லில்தான் சிக்கல். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை அடைத்துப் பேரிட்ட அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதன் பிறகு 26 கிலோ பைகள் சந்தையில் பெருகின. பேச்சில் இரண்டும் சிப்பம்தான்.

கிராமத்து மளிகைக்காரர் ஒருவருக்கு இது எப்படி வினையாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். சிப்பம் 1,250 என்று போனில் கேட்டார். 26 கிலோ என்று மனதில் வைத்துக்கொண்டார். கிலோ அடக்கம் 48 ரூபாய் 8 பைசா. இரண்டு ரூபாய் போல வைத்துக் கிலோ 50 என்று விற்றார். வந்து இறங்கியது 25 கிலோ பை. 1,250-ஐ 25-ஆல் வகுத்துப் பாருங்கள்: கிலோ அடக்கமே 50 ரூபாய். வண்டிக் கூலி, ஏற்றுக் கூலி, சிந்தல் சிதறல் எல்லாம் கையிலிருந்து போயிற்று. இருபது சிப்பம் விற்று முடித்து, கல்லாவில் பணம் புரள்வதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார். உண்மையில் ஒரு பைசா லாபம் இல்லாமல் ஊருக்குச் சேவை செய்திருக்கிறார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு சொல்தான் ஏமாற்றியது.

புதுவயல் மில்லில் கேட்டாலும், சிங்கம்புணரிச் சரக்குக்குக் கேட்டாலும் மூன்று கேள்வி கேட்டுப் பழகுங்கள். எத்தனை கிலோ? வரி சேர்த்தா, சேர்க்காமலா? இறக்கிக் கொடுத்தா, அங்கேயே எடுப்பதா? கேட்பதால் கௌரவம் குறையாது. நாற்பது வருஷமாக மொத்தக் கடையில் உட்கார்ந்திருக்கும் நம் அனுபவத்தில், மூன்று கேள்வி கேட்கும் சில்லறை வியாபாரியைத்தான் மொத்த வியாபாரி மதிப்பார். அவருக்குக் கடன் கொடுக்கவும் தயங்க மாட்டார்.

இடம் வாங்கும்போதும் கிட்டங்கிக்கு அட்வான்ஸ் பேசும்போதும் இன்னொரு வழக்கு உண்டு. தரகர் 'மூன்று ரூபாய்' என்பார். அது மூன்று லட்சம். பம்பாய்க்காரர்கள் லட்சத்தைப் 'பேட்டி' என்றும் கோடியை 'கோகா' என்றும் சொல்வது போல இது. 'ஐந்து கொடுத்துவிடுங்கள்' என்று வெறுமனே சொன்னால் ஐயாயிரமா, ஐந்து லட்சமா என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

6. வட்டிக்கு வழங்கும் பெயர்கள்

பணச் சொற்களில் மிக விலை உயர்ந்தவை வட்டிச் சொற்கள். கடைவீதியில் 'ஒரு வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். பாங்கியில் வட்டி வருஷக் கணக்கு. இந்த ஒரு வேறுபாடு தெரியாமல், பாங்கியில் பன்னிரண்டு, இவரிடம் இரண்டுதானே என்று புதிய தலைமுறை கையெழுத்துப் போடுவதை நாம் கண்டிருக்கிறோம். 50,000 ரூபாய்க்கு வருஷம் 12 சதவீதம் என்றால் வட்டி 6,000. 'இரண்டு வட்டி' என்றால் மாதம் 1,000, வருஷம் 12,000. சிறிய எண்தான் பெரிய வட்டி!

கீழே உள்ளதைக் கல்லாவுக்கு மேல் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்:

முக்கால் வட்டி – வருஷம் 9 சதவீதம்
ஒரு வட்டி – 12 சதவீதம்
ஒன்றரை வட்டி – 18 சதவீதம்
இரண்டு வட்டி – 24 சதவீதம்
மூன்று வட்டி – 36 சதவீதம்
ஐந்து வட்டி – 60 சதவீதம்
பத்து வட்டி – 120 சதவீதம்

நம் முன்னோர் ரங்கூனில் கொடுக்கல் வாங்கல் செய்தபோது இந்தக் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. முகல் தெருவில் இருந்த கோயிலில் மாதந்தோறும் கூடி, அந்த மாதத்துக்கான 'நடப்பு வட்டி' இன்னது என்று பேசி முடிவு செய்தார்கள். நடப்பு வட்டி என்று ஏட்டில் எழுதினால் எந்தக் கடையில் கேட்டாலும் ஒரே பொருள். சொல்லுக்கு ஊர் கூடி முத்திரை குத்திய வழக்கம் அது.

இன்றைய கடைவீதியில் வேறு பெயர்கள் ஓடுகின்றன. வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டு கொடுப்பது, ஆட்டோ மீட்டர் போல நேரம் ஆக ஆக ஏறுவது, மணிக்கணக்கு, நாள் கணக்கு என்று பல வகை. கந்து வட்டி, மீட்டர் வட்டி, மணி வட்டி, தண்டல் என்ற இந்தத் தெருச் சொற்களைத் தமிழ்நாடு அரசு 2003-ல் கொண்டுவந்த அதீத வட்டி வசூல் தடைச் சட்டத்தில் அப்படியே பெயர் சொல்லி விளக்கம் எழுதியிருக்கிறார்கள். குற்றம் நிரூபணமானால் மூன்று வருஷம் வரை சிறையும் அபராதமும் உண்டு. கடைவீதிப் பேச்சு சட்டப் புத்தகத்தில் ஏறிய அரிய நிகழ்ச்சி இது. நாம் பெருமைப்படத்தக்க நிகழ்ச்சி என்று சொல்ல முடியாது.

தண்டல் என்ற சொல் கேட்கச் சாதுவாக இருக்கும். 10,000 ரூபாய்த் தண்டல் என்பார்கள். 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 'ஆயிரம் ரூபாய்தானே வட்டி, பத்து சதவீதம்' என்று தோன்றும். நாம் தினமும் அசலைத் திருப்பிக்கொண்டே வருவதால், 100 நாளில் சராசரியாக நம் கையில் இருந்த தொகை சுமார் 4,500 ரூபாய்தான். அதற்கு 100 நாளில் 1,000 ரூபாய் வட்டி என்றால், நூற்றுக்கு 22 ரூபாய். வருஷத்துக்குக் கணக்கிட்டால் 80 சதவீதத்தைத் தாண்டும். மளிகையில் இவ்வளவு லாபம் தரும் சரக்கு எது? ஆகவே அது கடையை நடத்த வாங்கும் பணம் ஆகாது. கடையை மெல்லத் தின்னும் பணம்.

கைமாத்து என்பது நல்ல சொல். காலையில் வாங்கி மாலையில், அல்லது நாலு நாளில், வட்டி இல்லாமல் திருப்புவது. அது தவறினால்தான் 'காந்தி கணக்கு' என்று எழுதிவிட வேண்டி வரும், அதாவது திரும்பி வராத பணம். அதற்கும் மேலே போனால் 'மஞ்சள் கடுதாசி', 'ஐ.பி. கொடுத்துவிட்டான்' என்ற பேச்சு. ஐ.பி. என்பது கடன் தீர்க்க வழியில்லை என்று கோர்ட்டில் கொடுக்கும் மனு. ஒரு வியாபாரியைப் பற்றி இந்தச் சொல்லைத் தீர விசாரிக்காமல் வாயில் எடுக்கக் கூடாது. மஞ்சள் கடுதாசி கொடுக்காதவருக்கும், கொடுத்துவிட்டார் என்ற பேச்சு ஒரு நாள் கடைவீதியில் ஓடினால் போதும். மறுநாள் சரக்கு வராது, மூன்றாம் நாள் கடன்காரர்கள் வாசலில் நிற்பார்கள். பொய்யான சொல் உண்மையாகிவிடும்.

7. செல்லாது என்ற ஒரே சொல்

சொல் காசையே கொல்லும் என்பதைப் பத்து ரூபாய் நாணயத்தில் கண்டோம். அரசாங்கம் அதைச் செல்லாது என்று ஒருபோதும் சொல்லவில்லை. யாரோ கிளப்பிய வதந்தி கடைக்குக் கடை பரவியது. கோடு இத்தனை இருந்தால் நல்லது, அத்தனை இருந்தால் கள்ளக் காசு என்று ஆளுக்கொரு லட்சணம் சொன்னார்கள். 2018 ஜனவரி 17-ல் ரிசர்வ் வங்கி தெளிவாகவே அறிவித்தது: பத்து ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் வெளியாகியிருக்கிறது, எல்லாமே செல்லும். அதற்குப் பிறகும் நம் பக்கத்தில் கையை ஆட்டி மறுத்தவர்கள் பலர். விளைவு யாருக்கு? நோட்டுத் தட்டுப்பாட்டில் சில்லறை இல்லாமல் வாடிக்கையாளருக்கு மிட்டாயும் தீப்பெட்டியும் கொடுத்துச் சமாளித்தவர்கள் நாம்தான்.

2011-ம் வருஷத்து நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்களை ஆயிரம் ரூபாய் வரையிலும், 50 பைசாவைப் பத்து ரூபாய் வரையிலும் ஒரு கொடுக்கல் வாங்கலில் செலுத்தலாம். ஆகவே ஒருவர் பத்து பத்து ரூபாய்க் காசு கொடுத்தால் மறுக்க நமக்குக் காரணமில்லை. கடைக்காரர் 'செல்லும்' என்று சொன்னால் தெருவில் செல்லும். அந்த அதிகாரம் நம் வாயில் இருக்கிறது. பொறுப்பும் அங்கேதான் இருக்கிறது.

8. கைபேசி கொண்டுவந்த சொற்கள்

2016 நவம்பர் 8 இரவு பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போயின. அதே வருஷம் யு.பி.ஐ. வந்தது. இன்று 'ஜிபே பண்ணிட்டேன்', 'போட்டுவிட்டேன்', 'ஸ்கேன் பண்ணிட்டேன்' என்பவை பணச் சொற்கள் ஆகிவிட்டன. எந்தச் செயலியில் அனுப்பினாலும் ஜிபே என்பதே பேச்சு. அதில் தவறில்லை. ஆனால் 'பண்ணிட்டேன்' என்பது வாடிக்கையாளர் தரப்புச் சொல். நம் தரப்புச் சொல் 'வந்துவிட்டது' என்பது. இரண்டுக்கும் நடுவில் பழைய படத்தைக் காட்டிச் செல்பவரும் உண்டு. நெட்வொர்க் இல்லாமல் நல்ல மனதோடு ஏமாறுபவரும் உண்டு. அவருடைய திரையைப் பார்த்து வரவு வைக்க வேண்டாம். நம் ஒலிப்பெட்டி சொல்ல வேண்டும், அல்லது நம் கைபேசியில் வரவு தெரிய வேண்டும். வயதானவராக இருந்தால், 'ஐயா, வரவு இன்னும் வரவில்லை, இரண்டு நிமிஷம் உட்காருங்கள்' என்று மரியாதையாகச் சொன்னால் கோபிக்க மாட்டார்.

9. கடையில் கடைப்பிடிக்க

ஒன்று: பேச்சில் எட்டணா, துட்டு, சல்லி எல்லாம் இருக்கட்டும். அவை நம் கடைவீதிக்கு அழகு. ஏட்டில் மட்டும் எண்ணாலும் எழுத்தாலும் ரூபாய், பைசா என்று எழுதுங்கள்.

இரண்டு: போனில் விலை பேசி முடிந்ததும், 'இத்தனை கிலோ பை, இந்த விலை, வரி சேர்த்து, இத்தனை உருப்படி' என்று ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அதையே ஒரு வரியாக அனுப்பிவிடுங்கள்.

மூன்று: வட்டி எவ்வளவு என்று யார் சொன்னாலும் 'மாதத்துக்கா, வருஷத்துக்கா? முன்பிடித்தமா?' என்று கேளுங்கள். பிறகு வருஷக் கணக்காக மாற்றிப் பாருங்கள்.

நான்கு: கடைப் பையன்களுக்கு இந்தச் சொற்களைச் சொல்லிக்கொடுங்கள். அவர்கள் வெளியூர்ப் பிள்ளைகளாக இருப்பார்கள். 'பன்னிரண்டணா' என்று ஒரு பாட்டி சொன்னால் விழிக்கக் கூடாது.

ஐந்து: காசைப் பற்றியோ சக வியாபாரியைப் பற்றியோ 'செல்லாது' என்ற சொல்லைத் தீர விசாரிக்காமல் சொல்ல வேண்டாம்.

பயிற்சிக்குச் சில கேள்விகள்

வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

அ. ஒருவர் 'ஒன்றரை வட்டி'க்கு 40,000 ரூபாய் வாங்கினார். எட்டு மாதத்துக்கு வட்டி எவ்வளவு?
ஆ. சிப்பம் 1,300 ரூபாய். 25 கிலோ என்றால் கிலோ அடக்கம் என்ன, 26 கிலோ என்றால் என்ன?
இ. 'முதல் வரவு குறையாது' முறைப்படி, 'ல்வுது' என்று எழுதிய சரக்கின் அடக்கம் என்ன?

விடைகள்: அ. 4,800 ரூபாய். ஆ. 52 ரூபாய், 50 ரூபாய். இ. 360 ரூபாய்.

மூன்றுக்கும் சரியான விடை எழுதியவர்களின் முதல் குறையாது. உங்கள் ஊரில் பணத்துக்கு வழங்கும் வேறு சொற்கள் இருந்தால் சங்க அலுவலகத்துக்கு எழுதி அனுப்புங்கள். பொருளையும், இன்றைய ரூபாயில் அது எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த தலைமுறைக் கடைக்காரருக்கு அது உதவும்.

வாழ்க வணிகம்.